கழுவுவதற்கு முன், கழுவிய பின்

நர்ஸ் லீமாவின் கையில் கிருமி இருந்தது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆய்வகத் தட்டில் பச்சையாகப் படர்ந்து கிடந்தது. மூடியைத் திறந்தால் அழுகத் தொடங்கிய திராட்சையின் வாசம். சூடோமோனாஸ். ஆபரேஷன் முடிந்தவர்களை வைத்திருக்கும் ஐ.சி.யூ.வில் மூன்று மாதத்தில் ஐந்து பேரின் புண்ணிலும் சளியிலும் இதே பச்சை. ஐந்தாவது ஆள் பகவதியப்பன், மூன்றாம் படுக்கை, வாழை விவசாயி. குடல் ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. எழுந்து உட்கார்ந்து, ரசகதலிக் குலை ஒன்று கொண்டுவந்து தருவதாக நர்சுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் செத்துப்போனார்.

"அஞ்சு கேஸ்லயும் டூட்டியில இருந்தது யாரு?" என்றார் ஜெபசீலன். ஆஸ்பத்திரியின் நிர்வாகி. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எல்லா ஆயர்களோடும் எடுத்த போட்டோ வைத்திருப்பவர்.

"லீமா மட்டும் இல்ல சார். ஒரு ஷிப்டுக்கு மூணு பேரு உண்டு" என்றாள் குளோரி.

"கையில கிருமி வந்தது ஒருத்திக்குத்தானே?"

"கையில கல்ச்சர் டெஸ்ட் எடுத்ததே ஒருத்திக்குத்தான் சார்!"

ஜெபசீலன் அதைக் காதில் வாங்கவில்லை. குளோரி தொற்றுத் தடுப்பு நர்ஸ். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவள் பேசுவதைக் காதில் வாங்காமல் இருக்க அந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் நன்றாகப் பழகியிருந்தார்கள்.

"சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் தாரேன். வேற காரணம் இருந்தா காட்டுங்க. இல்லன்னா லீமா சர்டிபிகேட்ல 'பணியில் கவனக்குறைவு'ன்னு எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன்."

ஒரு சொல். ஆனால் லீமாவுக்கு அது கழுத்தில் கல். சவுதி அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு கொச்சியில் ஆள் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்டர்வியூ. சனிக்கிழமை மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும். ஐந்து வருட அனுபவச் சான்றிதழ் கையில் இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அந்தச் சொல்லோடு போனால் இனி எந்த வாசலும் திறக்காது.

2013 ஆகஸ்ட். குளோரிக்குக் கையில் இருந்தது ஐந்தே நாள்.

*

மூன்று மாதமாக அவள் சும்மா இருக்கவில்லை. ஏசி துவாரம், கட்டில் கம்பி, மூச்சுக் கருவியின் குழாய், சோப்புப் பாட்டில், தண்ணீர்த் தொட்டி, குழாய்த் தண்ணீர் என்று எல்லாவற்றிலும் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து ஸ்வாப் எடுத்து லேபுக்கு அனுப்பினாள். எல்லாம் சுத்தம். பதினோரு ரிப்போர்ட் எழுதினாள். பதினொன்றும் ஜெபசீலன் அறையில் ஒரு பச்சை ஃபைலுக்குள் போய்ப் படுத்தன.

கடைசியில் தானே ஒரு சுற்றறிக்கை போட்டாள். ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு முழு நிமிடம் கை கழுவ வேண்டும். அப்போது கேஸ் இரண்டு. இப்போது ஐந்து.

கழுவக் கழுவக் கூடுகிறது! எங்கே போய் முட்டிக்கொள்வது?

செவ்வாய்க்கிழமை காலை ஐ.சி.யூ.வுக்குள் நுழைந்தபோது லீமா வாஷ்பேசின் முன்னால் நின்று கை தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்குகளில் வெடிப்பு. கடியப்பட்டணத்துப் பெண். மீன் அறுக்கும் வீட்டில் பிறந்தும் இந்தக் கை இப்படி வெடித்ததில்லை.

"இன்னும் எத்தன தடவ கழுவட்டு சிஸ்டர்? தொலி உரிஞ்சு போச்சு. இந்தக் கைய வெட்டி மேஜையில வச்சா கையெழுத்துப் போடுவாரா ஒங்க ஜெபசீலன் சாரு?"

"எனக்க சாராட்டி அவரு?"

"பின்ன யாருக்க சாரு? நானா கிருமிய சேலைத் தலப்புல முடிஞ்சு கொண்டு வந்தேன்? இந்த வார்டுல என்னைவிடக் கழுவுனவ எவ இருக்கா, ஒருத்தியச் சொல்லுங்க!"

அது உண்மை. குளோரியே பார்த்திருக்கிறாள். மற்றவர்கள் பத்து விநாடியில் கையை உதறிவிட்டு ஓடுவார்கள். லீமா மட்டும் சுற்றறிக்கையை வேதம் மாதிரி எடுத்துக்கொண்டவள்.

குளோரியின் மண்டைக்குள் ஏதோ ஒன்று நகர்ந்தது.

"லீமா, ஒனக்க கையில அன்னைக்கு ஸ்வாப் எடுத்தாவளே, எப்பம் எடுத்தாவ?"

"கழுவிட்டு வந்து நில்லுன்னாவ. கழுவிட்டு வந்தேன். எடுத்தாவ."

"நல்லாக் கழுவுனியா?"

"ஒங்க நிமிசக் கணக்குக்குத்தான் கழுவுனேன். என்னத்துக்கு சிஸ்டர் அப்படிப் பாக்குதிய?"

அன்று மத்தியானம், சாப்பாட்டு இடைவேளை முடிந்து வார்டுக்குத் திரும்பியதும் திரும்பாததுமாக லீமாவின் கையில் ஒரு பஞ்சுக்குச்சி. உடனே கழுவச் சொல்லி, கழுவிய கையில் இன்னொன்று. இரண்டு தட்டு. ஒன்றில் 'முன்', இன்னொன்றில் 'பின்' என்று குளோரியே எழுதி ஒட்டினாள்.

*

லேப் டெக்னீஷியன் நேசையன் புதன்கிழமை காலையில் இரண்டு தட்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

'முன்': அங்கங்கே வெள்ளைப் புள்ளி. எல்லார் தோலிலும் குடியிருக்கும் சாதாரணக் கூட்டம்.

'பின்': பச்சை.

"லேபிளை மாத்தி ஒட்டிட்டியளோன்னு மூணு தடவ பாத்தேன் சிஸ்டர்" என்றார் நேசையன். "அழுக்குக் கையில கிருமி இல்ல. கழுவுன கையில இருக்கு."

"தண்ணி சுத்தம்னு நீங்கதானே அண்ணே ரிசல்ட் தந்திய?"

"தண்ணி சுத்தந்தான். தண்ணி எங்க போய் விழுது, அதைப் பாத்தியளா?"

பார்க்கவில்லை. பதினோரு ரிப்போர்ட் எழுதியவள் தண்ணீர் வரும் வழியைத்தான் பார்த்தாள். போகும் வழியைப் பார்க்கவில்லை. தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நேசையன் லேபில் இருந்து ஒரு சின்னக் குப்பி ஊதாச் சாயம் கொண்டுவந்தார். ஐ.சி.யூ. வாஷ்பேசின் சாமானியப்பட்ட பேசின் இல்லை. பளபளக்கும் ஸ்டீல் தொட்டி. சுற்றிலும் கருங்கல் பலகை. கொக்குக் கழுத்து மாதிரி உயர்ந்து வளைந்த குழாய். அதற்கு மேலே சுவரில் பொன்னெழுத்துக் கல்: 'அமரர் பிலோமினம்மாள் நினைவாக, இனயம் மரியஜான் குடும்பத்தார்.' மரியஜானுக்கு ஆறு விசைப்படகு உண்டு. கல்லுக்கு வலப்புறம் மூன்றடி தள்ளி, நர்சுகள் ஊசிமருந்து கலக்கும் மேஜை.

நேசையன் சாயத்தைத் தொட்டியின் ஓட்டைக்குள் ஊற்றினார். குளோரி கருங்கல் பலகையிலும் மருந்து மேஜையிலும் வெள்ளைத் தாளை விரித்து, கை கழுவ நிற்கும் இடத்தில் லீமாவை நிறுத்தினாள்.

"தெறங்க" என்றாள்.

குழாயில் இருந்து தண்ணீர் நேராக ஓட்டைக்குள் விழுந்தது. அரை நிமிடம். நிறுத்தினார்.

வெள்ளைத் தாளில் ஊதாப் பொட்டுகள். பலகையில் ஊதா. லீமாவின் வெள்ளைக் கோட்டின் வயிற்றுப் பக்கத்தில் ஊதா. மருந்து மேஜையில், ஊசி வைக்கும் தட்டு இருக்கும் சரியான இடத்தில், நான்கு பொட்டு.

நேசையன் குனிந்து தொட்டிக்கு அடியில் பார்த்தார்.

"தொட்டிக்கு அடியில வளைஞ்ச குழாய் இருக்குல்லா, அதுல எப்பவும் தண்ணி நிக்கும்" என்றார் நேசையன். "அங்க வழுவழுன்னு ஒரு படலம் கட்டி உள்ளுக்குள்ள குடும்பம் நடத்துது. பினாயில் ஊத்துனா மேல இருக்கது சாவும், அடியில இருக்கது சிரிக்கும். தீனி கெடச்சா குழாய்ச் சுவரைப் பிடிச்சு மேல ஏறும். வாய் வரைக்கும் வந்துட்டா, மேல இருந்து விழுத தண்ணியே அதைத் தூக்கி எறியும். கையில, மருந்துல, ஊசியில."

"தீனியா? கை கழுவுத சோப்புத் தண்ணியிலயா?"

"அதுல இந்த வேகம் வராது சிஸ்டர். யாரோ விருந்து வைக்கிறா."

*

வியாழக்கிழமை பிளம்பர் ராஜையன் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வளைவுக் குழாயைக் கழற்றினான். கழற்றியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்க கர்த்தாவே! என்ன சிஸ்டரே இது, களியா?"

சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று வாளிக்குள் விழுந்தது. புளித்த கஞ்சி நாற்றம். நடுவில் குருணை அரிசி. சிறுபயறுத் தோல்.

மூக்கில் குழாய் போட்ட நோயாளிகளுக்குச் சமையலறையில் இருந்து வடிகட்டிய கஞ்சித்தண்ணி வரும். வாயால் சாப்பிடக் கூடியவர்களுக்குக் கஞ்சியும் பயறும். மிச்சத்தை எடுத்துக்கொண்டு போவது ஆயா தாணம்மாளின் வேலை.

"தாணம்மா! மிச்சக் கஞ்சிய எங்க ஊத்துதிய?"

"இதுலதான்." தாணம்மாள் கொஞ்சமும் தயங்கவில்லை. "பின்ன எங்க ஊத்தட்டு?"

"பெட்பேன் ரூம்ல, பெரிய தொட்டியில ஊத்தணும்னு சுவருல எழுதிப் போட்டிருக்கே!"

"அந்த போர்டை எழுதுனது எந்தப் புண்ணியவாளன்? அன்னத்தக் கொண்டு பீச்சட்டி கழுவுத எடத்துல ஊத்துன்னு எழுத எப்படிக் கை வந்துது அவனுக்கு?"

"நான்தான் எழுதுனேன்."

தாணம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா சிஸ்டர்? சரி, நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க. நீங்க ஊத்துவியளா?"

குளோரி பக்கத்தில் நின்ற லீமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானும் இதுலதான் ஊத்துவேன் சிஸ்டர்" என்றாள் லீமா மெதுவாக. "எல்லாரும் இதுலதான். அங்க ஊத்த மனசு வராது."

குளோரிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒரே சமயத்தில் வந்தன. ஒருத்தியும் சோம்பேறி இல்லை. ஒருத்தியும் அழுக்கு இல்லை. சோற்றுக்கு மரியாதை கொடுத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரியிலேயே சுத்தமான தொட்டி என்று தேடிப்பிடித்துக் கிருமிக்குத் தினமும் மூன்று வேளை ஊட்டியிருக்கிறார்கள். அவள் எழுதி ஒட்டிய போர்டு சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

தாணம்மாளின் குரல் இப்போது இறங்கியிருந்தது. "சிஸ்டர், மூணாம் படுக்கைக்காரருக்கு நான்தான் கஞ்சி கொடுத்தேன். அப்பம் அந்தக் கஞ்சியிலயா..."

"கஞ்சியில ஒண்ணும் இல்ல தாணம்மா. மிச்சத்துலதான்."

"மிச்சம் வச்சா திட்டுவேன் அவர. எனக்காண்டி ரெண்டு வாய் கூடக் குடிப்பாரு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

வெள்ளிக்கிழமை, ஜெபசீலன் மேஜையில் இரண்டு தட்டு, ஊதாப் பொட்டுத் தாள், வாளிக் களியின் போட்டோ. குளோரி எல்லாவற்றையும் அடுக்கிவைத்துச் சொல்லி முடித்தாள். கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை:

"மரியஜான் அம்மா பேரு போட்ட கல்லை உடைக்கச் சொல்லுதீங்களா?"

"தொட்டியையும் குழாயையும் தூக்கச் சொல்லுதேன் சார்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஞாயிற்றுக்கிழமை அவரு வாராரு. கல்லு எங்கன்னு கேட்டா?"

"கேட்டா சொல்லுவோம். இப்பமே ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"என்னன்னு கேக்க? ஒங்கம்மா பேருல கிருமி வளருதுன்னா?"

முக்கால் மணி நேரம். குளோரி விடவில்லை. கடைசியில் ஜெபசீலன் கைகளை விரித்தார்.

"சரி. நாளைக்குக் காலையில அது ஐ.சி.யூ.ல இருக்காது. போதுமா?"

"லீமா?"

"பன்னிரண்டு மணிக்கு வந்து வாங்கிக்கிடுங்க. அந்த வார்த்தை இல்லாம எழுதித் தாரேன்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் இவ்வளவு எளிதாகத் தலையாட்டினால் சந்தேகப்பட்டிருக்கவும் வேண்டும்.

*

சனிக்கிழமை பத்தரை. ஐ.சி.யூ.வில் ஸ்டீல் தொட்டி போய், சாதாரண வெள்ளைப் பீங்கான் பேசின் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் ஓட்டைக்கு முன்னாலேயே சரிவில் விழுந்தது. குளோரி மூன்று மாதத்தில் முதல்முறையாக ஒரு முழு மூச்சு விட்டாள்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம். மாடியில் பச்சைக் குழந்தைகள் வார்டைத் தாண்டும்போது அந்த மூச்சு அப்படியே நின்றது.

பொன்னெழுத்துக் கல். கருங்கல் பலகை. கொக்குக் கழுத்துக் குழாய். ராஜையன் விளிம்பில் வெள்ளைச் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தான்.

"ராஜையா! அடியில இருக்கது?"

"அதே வளைவுதான் சிஸ்டரே. ஸ்டீலுல்லா, நல்ல கனம். புதுசு கேட்டா ஸ்டோர்ல ஒரு வாரம் ஆவும்னாவ. பிளீச்சிங் பவுடர் போட்டு நல்லாக் கழுவித்தான் மாட்டுனேன். சாரு சொன்னாரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழு குழந்தைகள். அதில் இரண்டு பிள்ளைகள் ஒன்றரைக் கிலோ கூடத் தேறாது. உள்ளே போகிற ஒவ்வொருத்தியும் இந்தத் தொட்டியில் கை கழுவிவிட்டுத்தான் போவாள். நன்றாகக் கழுவுவாள். ஒரு முழு நிமிடம்.

குளோரி போனில் கத்தினாள். ஜெபசீலன் நிதானமாகப் பேசினார்.

"அங்க மருந்து மேஜை தூரத்துல இருக்கு சிஸ்டர். கல்லு எங்கயாவது இருந்துதானே ஆகணும்? வேணும்னா இன்னொரு ரிப்போர்ட் எழுதுங்க, அடுத்த மாசக் கமிட்டியில வைப்போம். பின்ன, லீமா பேப்பர் எனக்க மேஜையிலதான் இருக்கு. கையெழுத்து இன்னும் போடல. நீங்க அவசரப்படாதீங்க."

வைத்துவிட்டார்.

இப்போது தொட்டியை உடைத்தால் லீமாவின் ரயில் போய்விடும். பன்னிரண்டு வரை காத்திருந்தால் இதில் எத்தனை கை கழுவப்படுமோ.

வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த தாணம்மாள் துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

"பன்னிரண்டு மணி வரைக்கும் இதுல யாரும் கை வைக்கக் கூடாது. அம்புட்டுத்தானே?"

"ஆமா. அதுக்குப் பொறவு நானே கடப்பாரை எடுப்பேன்."

"ஒரு போர்டு எழுதி ஒட்டுங்களேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போர்டு!

"நீங்க போய்க் கையெழுத்த வாங்குங்க சிஸ்டர்" என்றாள் தாணம்மாள். "இதை நான் பாத்துக்கிடுகேன்."

*

ஜெபசீலன் சான்றிதழை மூன்று தடவை வாசித்தார். ஒரு காற்புள்ளியைத் திருத்தி மறுபடி அச்சடிக்கச் சொன்னார். சாயா வந்தது. ஒரு போன் வந்தது. சிரித்துச் சிரித்துப் பேசினார். குளோரி கை இரண்டையும் மடியில் இறுக்கிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பேனா தாளைத் தொட்டது. முத்திரை விழுந்தது.

அதே நொடியில் மாடியில் இருந்து ஒரு கூச்சல்.

படிக்கட்டில் பெட்டியோடு நின்றிருந்த லீமாவின் கையில் தாளைத் திணித்தாள். "ஓடுட்டி. ஆட்டோ நிக்கி."

"மேல என்ன சத்தம் சிஸ்டர்?"

"ஒனக்குள்ளது இல்ல. ஓடு!"

மாடியில் கூட்டம். நர்சுகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். நடுவில் தாணம்மாள், கையில் கவிழ்த்துப் பிடித்த பெட்பேன். மரியஜான் அம்மாவின் பளபளக்கும் தொட்டியில் கருஞ்சிவப்பாக என்னவோ தேங்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"மனுசியா நீ?" என்று தலைமை நர்ஸ் அலறினாள். "பெட்பேனைக் கொண்டு கை கழுவுத எடத்துல..."

"அந்த ரூம் பூட்டிக் கெடக்கு. எனக்க தலையிலயா ஊத்தட்டு?"

ஜெபசீலன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். எட்டிப் பார்த்தார். கைக்குட்டை மூக்குக்குப் போனது. "ஐயோ, என்ன நாத்தம்! இனி இதுல எவன் கை வைப்பான்?"

ஒருவரும் வைக்க மாட்டார்கள். ஒரு நர்ஸ் ஏற்கெனவே பக்கத்து வார்டுக்குக் கை கழுவப் போய்க்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் அவர் மரியஜானுக்கு போன் போட்டார். வளவளவென்று சுற்றி வளைத்து, கல், நினைவு, எதிர்பாராத சூழ்நிலை என்று நீட்டினார். அந்தப் பக்கத்துக் குரல் கடற்கரையில் படகுச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியது. சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"நாறுதுன்னா கழட்டி எறியும் ஓய்! எங்கம்மைக்க பேரை நல்ல எடமாப் பாத்து வச்சாப் போரும். இதுக்கெல்லாமா எனக்கிட்ட கேக்கணும்?"

குளோரி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு போன். நேற்றே போட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு போன்.

ராஜையன் ஸ்பேனரோடு ஐந்து நிமிடத்தில் வந்தான். இரண்டு மணிக்குள் தொட்டியும் வளைவுக் குழாயும் பிளாஸ்டிக் தாளில் கட்டப்பட்டுப் பழைய சாமான் கிடங்குக்குக்கூடப் போகாமல், நேராகச் சுத்தியலுக்குப் போயின.

கூட்டம் கலைந்ததும் குளோரி தாணம்மாளை ஒதுக்குப்புறமாக இழுத்தாள்.

"யாருக்க பெட்பேன் அது? உள்ள பச்சப்பிள்ளைய கெடக்கு, புத்தி இருக்கா ஒங்களுக்கு?"

தாணம்மாள் பெட்பேனைத் திருப்பிக் காட்டினாள். அடியில் கம்பெனி ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை.

"புதுசு சிஸ்டர். ஸ்டோர்ல இருந்து நேரா எடுத்துட்டு வந்தேன். உள்ள கெடந்தது கேன்டீன் கட்டன்சாயா, பால் விடாதது. சிமென்ட் காயலன்னு சொல்லி அதுவரைக்கும் ஒருத்தியையும் குழாயத் தெறக்க விடல, நானும் தெறக்கல."

"ஆனா, நாத்தம்னு எல்லாரும்..."

"அது எனக்குத் தெரியாது. நான் மணத்துப் பாத்துத்தான் ஊத்துனேன். இஞ்சி போட்டிருந்தாவ."

மூன்று மணிக்குக் குளோரி பராமரிப்புப் பதிவேட்டைப் பார்த்தாள். 'பச்சைக் குழந்தைகள் வார்டு, ஸ்டீல் வாஷ்பேசின் ஒன்று. துர்நாற்றம் காரணமாக அகற்றப்பட்டது.'

"சார், காரணத்தைத் திருத்தணும். இது துர்நாற்றம் இல்ல. கிருமி. எனக்க பதினோரு ரிப்போர்ட் ஒங்க ஃபைலுக்குள்ள இருக்கு."

"துர்நாற்றம்னே இருக்கட்டும் சிஸ்டர்" என்றார் ஜெபசீலன், பேனாவை நீட்டியபடி. "கிருமின்னு எழுதுனா ஆயிரம் கேள்வி வரும். நாத்தத்துக்கு யாரு கேள்வி கேப்பா? அதான் அத்தன பேரு மூக்கைப் பொத்துனாவளே."

லீமாவின் ரயில் இந்நேரம் குழித்துறையைத் தாண்டியிருக்கும். குளோரி பல்லைக் கடித்துக்கொண்டு துர்நாற்றத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.